கடைசி ஆளும் அந்த ஒரு வெள்ளியும்

தேக்கா வாசி: ‘தி பிரைஸ் இஸ் ரைட்’ என்ற, பொருளின் விலையை ஊகிக்கும் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டி பற்றி ஒரு மேதாவி எழுதியிருக்கிறார்: “கடைசி ஆள் ஒரு வெள்ளி சொன்னால் போதும், வெற்றி நிச்சயம்.” நிச்சயமாமே! நாலு பேரில் விலையைத் தாண்டாமல் ரொம்பக் கிட்டே வந்தவருக்குத்தான் பொருளும் மேடையேறும் வாய்ப்பும். முதல் மூவர் 650, 800, 950 சொல்லியாச்சு என்று வையுங்கள். நீங்கள் 1 வெள்ளி சொன்னால், விலை 650க்குக் கீழே இருந்தால்தான் பிழைப்பீர்கள். மூன்று பேரும் ஒருசேரத் தாண்டுவது தினமும் நடக்கிற காரியமா?

ஈசூன் எழில்: மேதாவி நான்தான் அண்ணே. ஒரு வெள்ளிதான் சரி. 801 சொல்லிப் பாருங்கள். 800காரர் அம்பேல். விலை அச்சாக 800ஆக இருந்தால் மட்டுமே அவருக்கு வாழ்வு.

தேக்கா வாசி: 801 எப்படி ஒரு வெள்ளி ஆகும்? அது எண்ணூற்று ஒன்று வெள்ளி!

ஈசூன் எழில்: ஒரு வெள்ளி என்றால் இன்னொருவர் சொன்னதைவிட ஒரு வெள்ளி கூட. விளையாட்டு தெரிந்தவர்களுக்குப் புரியும்.

ஜூரோங் கிழவர்: அமெரிக்க நிகழ்ச்சிக்கு என்ன வெள்ளி? டாலர் என்று எழுதுங்கள்.

தேக்கா வாசி: ஐயா, சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு வெள்ளி என்று எழுதக்கூடாதா? கோப்பிக் கடையில் டாலர் என்றா கேட்கிறீர்கள்? விஷயத்துக்கு வாருங்கள். 1 சொன்னால் இன்னொரு வினையும் உண்டு. நாலு பேரும் தாண்டினால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, மிகக் குறைந்த தொகைக்கும் கீழே மறுபடி விலை சொல்லச் சொல்வார்கள். 1 போட்டவர் இருந்தால் அந்த மறுவாய்ப்பே யாருக்கும் கிடையாது.

பொங்கோல் புனிதா: 801 சொன்னால் 500 வெள்ளி போனஸ் போகுமே? விலையை அச்சாகச் சொன்னால்தானே அது? மனசில் 875 என்று பட்டால் 875தான் சொல்ல வேண்டும்.

ஈசூன் எழில்: அக்கா, 801 சொன்னால் 801 முதல் 949 வரை எல்லாம் உங்களுடையது. 875 சொன்னால் 875க்குக் கீழே உள்ளதை 800காரருக்குத் தானம் செய்கிறீர்கள். 500க்காக மேடையை விடுவதா?

தேக்கா வாசி: பாருங்கள், மறுபடி 801! ஒரு வெள்ளி எங்கே போச்சு?

ஜூரோங் கிழவர்: டாலர்.

பொங்கோல் புனிதா: இன்னொன்று. அங்கே கடை விலையில் விற்பனை வரி சேராது. நம்மூர் விலைச்சீட்டில் 9 விழுக்காடு ஜிஎஸ்டி அடக்கம். அந்தப் பழக்கத்தில் கேட்டால் கூட்டித்தான் சொல்வோம், தாண்டிவிடும்.

தேக்கா வாசி: வரியை யார் கேட்டது? கடைசி ஆள் யார் என்றாவது தெரியுமா? புதிதாகக் கூப்பிடப்பட்டவர் முதலில் சொல்வார், அங்கிருந்து வரிசை சுற்றும். அவருக்கு முந்தின இடத்தில் நிற்பவருக்குத்தான் கடைசி வாய்ப்பு. இதெல்லாம் தெரியாமல் ‘நிச்சயம்’!

ஈசூன் எழில்: அந்த நிகழ்ச்சியில் சுற்றுகிற பெரிய சக்கரத்தில் 10 கட்டம் என்று போன மாதம் சாதித்தவர்தானே நீங்கள்? 5 காசு முதல் 1 டாலர் வரை 20 கட்டம். அதை எண்ணிவிட்டு வாங்க லா.

ஜூரோங் கிழவர்: அப்பாடா, ஒருத்தராவது டாலர் என்றார்.

தேக்கா வாசி: சக்கரம் வேறு பேச்சு. 1 வெள்ளிக்குப் பதில் சொல்லுங்கள்.

ஈசூன் எழில்: சொல்லியாச்சு. 801.