வாய்வழி மருந்திடும் ரைபிளில் கூம்புக் குண்டு குறி தப்புவது ஏன்?

கேள்வி – கொட்டகலையிலிருந்து

அனைவருக்கும் வணக்கம். நான் ஆசிரியராகப் பணிபுரிபவன். துவக்கைக் கையால் தொட்டதும் இல்லை. கனடாவில் வசிக்கும் என் மூத்த அண்ணனுக்காகவே இதைக் கேட்கிறேன். அவர் 0.50 அங்குலக் குழலுள்ள, வாய்வழியே வெடிமருந்தையும் குண்டையும் இட்டு, கெப் (அடித்தால் தீப்பொறி தரும் சிறு மூடி) வைத்துச் சுடும் பழைய பாணி ரைபிள் ஒன்றை முறைப்படி வாங்கி, அங்குள்ள சுடுகளத்தில் காகிதக் குறியில் சுட்டுப் பழகி வருகிறார். துணித்துண்டில் பொதிந்து இடும் உருண்டைக் குண்டுகள் 50 யார் தூரத்தில் ஓர் உள்ளங்கைக்குள் அடங்குகின்றன. அதே துவக்கில் கூம்புக் குண்டை இட்டால், ஐந்தும் சாப்பாட்டுத் தட்டின் அளவுக்கும் மேலாகச் சிதறுகின்றன. சில துளைகள் வட்டமாக இல்லாமல், குண்டு பக்கவாட்டில் படுத்தபடி புகுந்ததுபோல நீண்டிருக்கின்றன.

குழலின் மேல் ‘48 அங்குலத்துக்கு ஒரு சுற்று’ என்று பொறித்திருக்கிறதாம். குண்டின் நீளம் 1.1 அங்குலம். கார்ச் சக்கரங்களைச் சமன் செய்யப் பொருத்தும் ஈயக் கட்டிகளை உருக்கி அவரே வார்த்திருக்கிறார். மருந்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தாயிற்று என்கிறார். பிழை குண்டிலா, குழலிலா, சுடுகிறவரிலா? அண்ணி மூன்றாவதைத்தான் சொல்கிறார்.

பதில் 1 – தலவாக்கலையிலிருந்து

சேர், அண்ணி சொல்வதை நான் ஏற்கமாட்டேன். நீண்டிருக்கும் அந்தத் துளைகளே பாதி விடையைச் சொல்லிவிட்டன. தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது வருடம் பிட்டராக இருந்து, லேத்தில் எத்தனையோ புரி வெட்டியவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

குழலின் உள்ளே வெட்டியிருக்கும் புரி, திருகாணியின் புரியைப் போன்றதுதான். ஆனால் மிகவும் நீண்டு, மெதுவாகத் திரும்புவது. 48 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால், குண்டு 48 அங்குலம் முன்னேறுவதற்குள் ஒரே ஒரு முறை தன்னைத்தானே சுற்றிக்கொள்கிறது. உருண்டைக் குண்டுக்கு நுனியும் இல்லை, அடியும் இல்லை. அது கவிழ்ந்தாலும் உருண்டையே. ஆகவே 60 அல்லது 70 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற மந்தமான புரியே அதற்குப் போதும். நீளமான குண்டு அப்படியல்ல. காற்று அதன் மூக்கைப் பிடித்துப் புரட்டப் பார்க்கிறது. பம்பரம் வேகமாகச் சுற்றும்வரை நிற்பதுபோல, சுழற்சி போதியதாக இருக்கும்வரைதான் குண்டு மூக்கை முன்னே வைத்துப் போகும். நீளம் கூடக் கூடச் சுழற்சியும் கூட வேண்டும்.

இதற்கு 1879இல் கிரீன்ஹில் என்ற ஆங்கிலேயக் கணிதப் பேராசிரியர் ஓர் எளிய கணக்குத் தந்தார். குண்டின் விட்டத்தை அதே விட்டத்தால் பெருக்கி, மீண்டும் 150ஆல் பெருக்கி, குண்டின் நீளத்தால் வகுத்தால், ஒரு சுற்றுக்கு எத்தனை அங்குலம் இருக்கலாம் என்பது கிடைக்கும். அண்ணனின் குண்டுக்கு அது ஏறத்தாழ 34 அங்குலம் வருகிறது. அவருடைய குழலோ 48, அதாவது சுழற்சி போதாது. கணக்கைத் திருப்பிப் போட்டால், அந்தக் குழல் நிமிர்த்தி வைக்கக்கூடிய குண்டின் நீளம் 0.78 அங்குலம் மட்டுமே. எனவே முக்கால் அங்குலத்துக்கு மேற்படாத குட்டைக் கூம்பை அவர் முயன்று பார்க்கட்டும்.

இரண்டாவது குற்றவாளி அந்தச் சக்கர ஈயம். அதில் அன்டிமனி என்ற உலோகம் கலந்திருப்பதால் அது கடினமானது. வாய்வழி இடும் கூம்புக் குண்டு, இடிகோலால் (குண்டைக் குழலுக்குள் தள்ளும் கோல்) இறங்கும் அளவுக்கு இளக்கமாகவும், மருந்து வெடித்ததும் அடி விரிந்து புரிக்குள் இறுகப் பிடிக்கும் அளவுக்கு மென்மையாகவும் இருந்தாக வேண்டும். கடின ஈயம் விரியாது. புரியைப் பிடிக்காத குண்டு சரியாகச் சுழலாது, பக்கவாட்டில் வாயுவும் கசியும். கலப்பில்லாத ஈயத்தை நகத்தால் கீறினால் கோடு விழும். விழாவிட்டால் அந்த ஈயம் வேண்டாம். வார்த்த குண்டுகளில் அடி விளிம்பு மழுங்கியதையும் மடிப்பு விழுந்ததையும் தயங்காமல் மீண்டும் உருக்கிவிட வேண்டும். குழலை விட்டுக் கடைசியாக வெளியேறுவது அடிதான், அங்கே இருக்கும் சிறு கோணல் குண்டைத் தள்ளிவிடும். மூக்கில் இருக்கும் வடு அந்த அளவுக்குக் கெடுதல் செய்யாது. உருக்கும் இடத்தில் காற்றோட்டம் வேண்டும். உருகிய ஈயத்தில் ஒரு சொட்டு நீர் விழுந்தாலும் அது வெடித்துத் தெறிக்கும்.

பதில் 2 – நுவரெலியாவிலிருந்து

பிட்டர் ஐயாவின் கணக்கைப் படித்ததும் நம் ஊரோடு தொடர்புடைய ஒரு துவக்கு நினைவுக்கு வந்தது. 1848 முதல் 1855 வரை நுவரெலியாவில் வாழ்ந்து, இங்கே பண்ணையும் நிறுவிய ஆங்கிலேய வேட்டைக்காரர் சாமுவேல் பேக்கர், 1840இல் பிரிஸ்டல் நகரின் கிப்ஸ் என்ற கைவினைஞரிடம் தன் சொந்தத் திட்டப்படி ஒரு ரைபிள் செய்வித்தார். எடை 21 இறாத்தல். குழலின் நீளம் 36 அங்குலம். அந்த நீளத்துக்குள் ஒரு முழுச் சுற்று. இரண்டே இரண்டு புரிகள். அந்தப் புரிகளில் பொருந்தும்படி இடுப்பில் பட்டி வைத்து வார்த்த உருண்டைக் குண்டு 3 அவுன்ஸ், கூம்புக் குண்டு 4 அவுன்ஸ். மருந்து 16 டிராம், அதாவது ஏறத்தாழ 28 கிராம். அந்தக் குழலின் வாய் ஏறத்தாழ ஓர் அங்குலம் இருந்திருக்கும் என்பதால், ஐயாவின் கணக்குப்படி 36 அங்குலம் என்பது அதற்குத் தேவைக்கும் மிஞ்சிய சுழற்சியே. அந்தத் துவக்குக்குப் பலியான யானைகளை நினைத்தால் எனக்குப் பெருமிதம் எதுவும் எழவில்லை. செய்நுட்பத்தை மட்டும் சொல்கிறேன்.

ஒரு சந்தேகமும் உண்டு. பிரித்தானியப் படையின் 1853ஆம் ஆண்டு என்பீல்டு ரைபிளுக்கு 78 அங்குலத்துக்கு ஒரு சுற்றுத்தான். அதன் குண்டோ 0.57 அங்குல விட்டமும் ஏறத்தாழ ஓர் அங்குல நீளமும் கொண்டது. கணக்குப்படி 48 அங்குலத்துக்கு ஒரு சுற்றாவது வேண்டுமே; பிறகு எப்படி அது நூற்றுக்கணக்கான யார் தூரத்துக்குக் குறி தவறாமல் சுட்டது?

பதில் 1 – மீண்டும் தலவாக்கலையிலிருந்து

நல்ல கேள்வி, தம்பி. அந்தக் குண்டின் அடி குழிவானது. பிரான்ஸ் நாட்டு இராணுவ அதிகாரி மினியே 1849இல் பரவலாக்கிய முறை அது. குழிவினால் பாரம் மூக்குப் பக்கம் போய்விடுகிறது. பட்மின்டன் இறகுப் பந்து எப்படித் தானாகவே தலையை முன்னே திருப்பிக்கொள்கிறதோ, அதுபோல அந்தக் குண்டுக்குக் குறைந்த சுழற்சியே போதும். கிரீன்ஹில் கணக்கு உள்ளே குழிவில்லாத குண்டுக்கானது என்பதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். அண்ணன் வேண்டுமானால் குழிவடிக் குண்டையும் முயலலாம். ஆனால் அதன் அடி விளிம்பு மெல்லியது, மருந்து அதிகமானால் விளிம்பு கோணலாக விரிந்து குறி கெட்டுவிடும்.

பதில் 3 – பண்டாரவளையிலிருந்து

இங்கிலாந்தில் இருந்த காலத்தில் இத்தகைய ரைபிளைச் சுடும் கழகம் ஒன்றில் சில வருடங்கள் இருந்தேன். குண்டும் குழலும் பொருந்திய பிறகு மிஞ்சுவது கரி. இந்த ரைபிளில் இடும் கருமருந்து எரிந்தால் பாதிக்கும் மேல் திடக் கசடாகத்தான் மிஞ்சும். மூன்றாவது குண்டுக்குள் குழலின் உள்ளளவே மாறிவிடும். ஒவ்வொரு வெடிக்கும் பின்னர் ஈரத் துணியால் ஒரு முறையும் உலர்ந்த துணியால் ஒரு முறையும் துடைப்பதே நான் கண்ட பெரிய தீர்வு. குண்டின் வரிப்பள்ளங்களில் தேன்மெழுகும் மாட்டுக்கொழுப்பும் கலந்த பூச்சை நிரப்ப வேண்டும்; இயந்திர எண்ணெய் பூசினால் கரி தார்போல இறுகிவிடும். மருந்துக்கும் குண்டுக்கும் இடையே கம்பளி வட்டு ஒன்றை வைத்தால், சூடான வாயு குண்டின் அடியை அரிக்காது.

இடிகோலில் ஒரு கோடு போட்டுவைத்து, குண்டு ஒவ்வொரு முறையும் அதே ஆழத்தில் மருந்தின்மேல் அமர்ந்ததை உறுதிசெய்ய வேண்டும். இது குறிக்காக மட்டுமல்ல. துணியில்லாத கூம்புக் குண்டு, வாயைத் தாழ்த்திப் பிடித்தால் முன்னோக்கி நழுவக்கூடும். இடைவெளி விழுந்த நிலையில் சுட்டால் குழல் வீங்கலாம், வெடிக்கவும் செய்யலாம். இக்காலத் தோட்டாக்களில் உள்ள புகையில்லா மருந்தை எக்காரணம் கொண்டும் அதில் இடக் கூடாது.

கேள்வி – மஸ்கெலியாவிலிருந்து

எங்கள் பக்கத்தில் மரக்கறித் தோட்டத்துக்குப் பன்றி வருவதால் சிலர் இடியன் துவக்கு (உள்ளூரில் செய்யும் வாய்வழித் துவக்கு) வைத்திருக்கிறார்கள். அதில் கூம்புக் குண்டு இட்டால் தூரம் கூடுமா?

பதில் 1 – தலவாக்கலையிலிருந்து

கூடாது, தம்பி. இடியனின் குழலில் புரியே இல்லை. கூம்புக் குண்டு வாயைத் தாண்டியதும் குட்டிக்கரணம் போடும். கூம்பு அதே விட்டமுள்ள உருண்டையைவிடப் பாரமானது என்பதால் குழலுக்குள் அழுத்தம் ஏறும். தண்ணீர்க் குழாயில் செய்த துவக்கு அதைத் தாங்காமல் சுடுகிறவரின் கையையும் கண்ணையும் பறித்துவிடும். அனுமதிப்பத்திரம் இல்லாமல் வைத்திருப்பதே 1916ஆம் ஆண்டுச் சுடுகலன் கட்டளைச் சட்டப்படி குற்றம். இதற்கு மேல் இதைப் பற்றி நான் எழுதமாட்டேன்.

கேள்வி கேட்டவர் – கொட்டகலையிலிருந்து

பதிலளித்த அனைவருக்கும் நன்றி. அண்ணனுக்கு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். சக்கர ஈயத்தில் அவருடைய நகத்தால் கோடு போட முடியவில்லையாம். முக்கால் அங்குலக் குண்டை மென்மையான ஈயத்தில் வாங்கி, ஒவ்வொரு வெடிக்கும் இடையே துடைத்துச் சுட்டதில், ஐந்து துளைகளும் வட்டமாகவே விழுந்து, ஒரு ரொட்டியின் அளவுக்குள் அடங்கின. உருண்டைக் குண்டின் உள்ளங்கை அளவுக்கு இன்னும் வரவில்லை. அடுத்த வாரம் கம்பளி வட்டு வைத்துப் பார்க்கப்போகிறார். அண்ணி தம் கருத்தை இன்னும் மாற்றிக்கொள்ளவில்லை.