இடது முன்சக்கரத்தில் ‘டக் டக்’ சத்தம்: ஷாக் அப்சார்பர்தான் காரணமா?

கேள்வி (மதுரை)

வணக்கம். என்னுடையது 2016ஆம் ஆண்டு வாங்கிய சிறிய பெட்ரோல் கார், 78,000 கி.மீ. ஓடியிருக்கிறது. மூன்று வாரமாக இடது முன்பக்கத்திலிருந்து ‘டக் டக்’ என்று சத்தம் வருகிறது. நான்குவழிச் சாலையில் ஒன்றுமில்லை. ஊருக்குள் குண்டும் குழியுமான தெருவில் 20 கி.மீ. வேகத்தில் போனால், காலடியில் யாரோ சுத்தியலால் தட்டுவதுபோல் கேட்கிறது. முன்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்ற வேண்டும் என்கிறார்கள் பட்டறையில். காரை அவர்கள் ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. அம்மாவை வாரம் இருமுறை சிகிச்சைக்கு இதில்தான் அழைத்துப் போகிறேன். செலவுக்கு அஞ்சவில்லை, எது பழுது என்று தெரிந்து செய்ய விரும்புகிறேன்.

பதில் (கோவை, பட்டறை நடத்துபவர்)

தம்பி, எதையும் மாற்றாதீர்கள். முதலில் டிக்கியில் இருக்கும் ஜாக்கி, ஸ்டெப்னி எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு ஓட்டுங்கள். அதே தெருவில் பிரேக்கை லேசாக மிதித்தபடி போங்கள். சத்தம் நின்றால் ஆடுவது பிரேக் பேட். பிறகு வேகத்தடையில் இரண்டு முன்சக்கரமும் ஒன்றாக ஏறும்படி நேராகப் போங்கள். அடுத்து ஒரு சக்கரம் மட்டும் குழியில் இறங்கும்படி போங்கள். எப்போது அதிகம் கேட்கிறது? ஷாக் அப்சார்பரின் உடம்பில் எண்ணெய் கசிந்திருக்கிறதா?

கேட்டவர்

டிக்கியைக் காலி செய்தேன், பிரேக்கை மிதித்தும் பார்த்தேன்; வேறுபாடில்லை. வேகத்தடையில் நேராக ஏறினால் ஏறக்குறைய அமைதி. இடது சக்கரம் மட்டும் குழியில் இறங்கினால் பலமாகத் தட்டுகிறது. ஷாக் அப்சார்பரில் வெறும் புழுதிதான், எண்ணெய் இல்லை.

பதில் (கோவை)

அப்படியானால் என் சந்தேகம் லிங்க் ராடு மீதுதான். இரண்டு சக்கரங்களையும் குறுக்கே இணைக்கும் ஸ்டெபிலைசர் பார் என்ற கம்பி உண்டு. அதன் இரு முனைகளையும் சக்கரங்களின் பக்கம் இணைக்கும் சிறு தண்டுகள்தான் லிங்க் ராடு. இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறினால் ஸ்டெபிலைசர் பார் தன் புஷ்ஷுக்குள் (ரப்பர் பிடிக்குள்) சுழலும், அவ்வளவே. ஒன்று மட்டும் இறங்கினால் கம்பி முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கு விசை முழுவதும் லிங்க் ராடு வழியாகத்தான் போகும். அதன் முனையிலுள்ள குமிழ் தேய்ந்திருந்தால் நீங்கள் சொல்லும் இதே சத்தம் வரும்.

உறுதிசெய்ய ஒரு வழி: இரண்டு பக்க லிங்க் ராடுகளையும் கழற்றிவிட்டு அதே தெருவில் மெதுவாக ஓட்டுங்கள். வளைவில் கார் கூடுதலாகச் சாயும், கவனம். சத்தம் மறைந்தால் விடை கிடைத்துவிட்டது.

பதில் (திருச்சி)

கழற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள். நட்டைத் திருப்பினால் உள்ளே இருக்கும் தண்டும் சேர்ந்து சுற்றும். தண்டின் முனையில் ஆலன் சாவியைப் பொருத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்காதீர்கள், ஸ்டாண்டு கட்டாயம். அப்படியே சக்கரத்தைத் தாங்கும் குமிழ் மூட்டான பால் ஜாயின்ட்டையும் கடப்பாறையால் நெம்பிப் பாருங்கள். அதில் ஆட்டம் இருந்தால் காரை எடுக்கவே வேண்டாம். அது கழன்றால் சக்கரம் மடங்கிவிடும்.

கேட்டவர்

ஐயா, நீங்கள் சொன்னதே சரி! கழற்றியதும் சத்தம் அடியோடு நின்றது. இடது லிங்க் ராடின் குமிழை விரலாலேயே ஆட்ட முடிந்தது. இரண்டு பக்கமும் புதிது போட்டேன். பால் ஜாயின்ட்டில் ஆட்டம் இல்லை.

ஆனால் இப்போது அமைதியானதும் வேறொன்று கேட்கிறது. பிரேக் போட்டு நிற்கும்போது ஒரே ஒரு ‘டொக்’. பின்னோக்கி எடுக்கும்போதும் ஒன்று.

பதில் (கோவை)

முன்னும் பின்னும் விசை மாறும்போது ஒரே தட்டு என்றால், சக்கரத்தைக் காரின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் லோயர் ஆர்மின் பின்புஷ்ஷைப் பார்க்க வேண்டும். அண்மையில் அதைக் கழற்றினார்களா?

கேட்டவர்

ஆம், இரண்டு மாதம் முன்பு இடது லோயர் ஆர்மைப் புதிதாக மாற்றினார்கள். காரை லிஃப்டில் தூக்கி, அங்கேயே முழுதாக முடுக்கி இறக்கினார்கள்.

பதில் (கோவை)

இந்தத் தவறு எனக்கு உண்மையிலேயே கோபம் வரவைப்பது. லோயர் ஆர்ம் புஷ்ஷின் ரப்பர் உள்குழாயோடும் வெளிக்குழாயோடும் ஒட்டியிருக்கும். அது சுழலாது, முறுக்கிக்கொள்ளும். சக்கரம் தொங்கும் நிலையில் போல்ட்டை முடுக்கினால், காரை இறக்கியதும் ரப்பர் எந்நேரமும் முறுக்கிய நிலையிலேயே இருக்கும். சீக்கிரமே கிழியும். காரின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் கடைசி முடுக்கு. எவ்வளவு முடுக்க வேண்டும் என்ற அளவு வண்டியின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். முடுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனர் வைத்து முடுக்கச் சொல்லுங்கள்.

கேட்டவர்

வேறு பட்டறைக்குப் போனேன். ரப்பர் ஓரமாகக் கிழிந்திருந்ததைக் காட்டினார்கள். புஷ் மட்டும் புதிதாக அழுத்திப் பொருத்தி, சக்கரங்கள் சாய்தளத்தில் நிற்கும்போது முடுக்கினார்கள். வீல் அலைன்மென்ட்டும் பார்த்தாயிற்று. ஷாக் அப்சார்பர் பழையதே. இன்று காலை அதே தெரு வழியாக மருத்துவமனைக்குப் போனோம். எந்தச் சத்தமும் இல்லை. வழி நெடுக அம்மா தூங்கிக்கொண்டு வந்தார். உங்கள் இருவருக்கும் நன்றி, ஐயா.