புதிய நாட்டில் புதிய பங்கு: கடைசி வரிசையிலேயே இருந்துவிடாதீர்கள்

நாங்கள் இங்கே வந்த முதல் ஏழு மாதங்களில் ஒரு ஞாயிறுகூடத் திருப்பலி தவறவில்லை. ஒரே ஆலயம், ஒரே கடைசி வரிசை. இறுதி ஆசீர் முடிந்த கையோடு வெளியே வந்துவிடுவோம். யாரும் எங்களைக் கண்டுகொள்வதில்லை என்ற மனக்குறை வேறு. பிறகு மகளுக்குத் திருமுழுக்குக் கொடுப்பதற்காகப் பங்கு அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த அம்மையார் பதிவுகளைப் பார்த்துவிட்டு, "நீங்கள் எந்தப் பங்கைச் சேர்ந்தவர்கள்?" என்று கேட்டார். ஏழு மாதங்களாக இதே ஆலயத்துக்குத்தான் வருகிறோம் என்றேன். அவர் உண்மையாகவே வியந்துபோனார். அவர்மீது பிழை சொல்ல முடியாது. எங்களைத் தெரிந்துகொள்ள அவருக்கு நாங்கள் ஒரு வழியும் வைக்கவில்லை.

அதனால் புதிதாக வரும் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு நான் முதலில் சொல்வது, வந்த மாதத்திலேயே பங்கில் பெயரைப் பதிவு செய்யுங்கள் என்பதுதான்.

திருச்சபைச் சட்டப்படி பங்கு என்பது பெரும்பாலும் எல்லை வகுக்கப்பட்ட ஒரு நிலப்பகுதி. 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது: ஓரிடத்தில் குறைந்தது மூன்று மாதங்கள் தங்கும் எண்ணத்தோடு குடியேறினாலே, அந்த இடத்துப் பங்குத்தந்தை உங்கள் பங்குத்தந்தை ஆகிவிடுகிறார். எந்தப் படிவமும் நிரப்பாமல், யாரிடமும் அனுமதி கேட்காமல் அது நடந்துவிடுகிறது. இதை முதன்முதலில் அறிந்தபோது எனக்குக் கண் கலங்கியது. விசாவிலும் வாடகை ஒப்பந்தத்திலும் "தற்காலிகம்" என்று எழுதியிருந்த காலத்தில், ஓரிடம் மட்டும் என்னைத் தன் மக்களில் ஒருவனாக ஏற்கெனவே எண்ணிக்கொண்டிருந்தது. ஆனால் நீங்கள் வந்திருப்பது அந்தப் பங்குத்தந்தைக்குத் தெரிய வேண்டும் அல்லவா? பதிவு அதற்காகத்தான். பிள்ளைகளின் மறைக்கல்வி, திருமணம், ஞானப்பெற்றோராக நிற்பதற்கான சான்று, கத்தோலிக்கப் பள்ளியில் இடம் கேட்கும்போது பங்குத்தந்தையின் கடிதம் என்று எதைக் கேட்டாலும் "எப்போதிலிருந்து வருகிறீர்கள்?" என்ற கேள்வி முன்னால் நிற்கும்.

இன்னும் புறப்படாதவர்கள் திருமுழுக்கு, உறுதிபூசுதல், திருமணம் ஆகியவற்றின் சான்றிதழ்களைக் கையோடு எடுத்து வாருங்கள். உங்கள் பங்குத்தந்தையிடம் ஒரு சிறு அறிமுகக் கடிதமும் வாங்கிக்கொள்ளுங்கள். நம்மில் பலருக்கு வரும் தொல்லை பெயரில்தான் இருக்கிறது. திருமுழுக்கு ஏட்டில் புனிதரின் பெயர், பள்ளிச் சான்றிதழில் வீட்டார் வைத்த பெயர், கடவுச்சீட்டில் தந்தையின் பெயர் குடும்பப் பெயராக என்று மூன்றும் மூன்று விதமாக இருக்கும். முன்னெழுத்து என்றால் என்னவென்றே தெரியாத ஓர் அலுவலகத்தில் இதை விளக்குவது கடினம். இந்தப் பெயர்கள் எல்லாம் ஒருவரையே குறிக்கின்றன என்று பங்கு முத்திரையுடன் ஒரு வரி எழுதி வாங்கிவிட்டால் பல நாள் அலைச்சல் மிச்சம்.

திருமணம் செய்ய இருப்பவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். திருமுழுக்கு ஏட்டில் உங்கள் பெயருக்கு எதிரே உறுதிபூசுதலும் திருமணமும் பிற்பாடு குறிக்கப்படுகின்றன. அதனால் பழைய சான்றிதழ் போதாது. கடந்த ஆறு மாதங்களுக்குள் வழங்கப்பட்ட புதிய பிரதியைத்தான் பொதுவாகக் கேட்பார்கள். திருமுழுக்குப் பெற்ற பங்குக்குத்தான் அதற்கு எழுத வேண்டும். முன்கூட்டியே எழுதுங்கள்.

இனி வார வாழ்க்கை. எங்கள் குடும்பத்தில் அது சனிக்கிழமை இரவில் தொடங்குகிறது. மறுநாள் வாசகங்களைத் தமிழில் படித்துவிடுவோம். புதிதாக வந்தவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள பழக்கம் எனக்குத் தெரியவில்லை. உரோமை வழிபாட்டு முறையில் உலகெங்கும் ஞாயிறு வாசகங்கள் பெரும்பாலும் ஒன்றே. முதல் வாசகம், பதிலுரைப் பாடல், இரண்டாம் வாசகம், நற்செய்தி ஆகியவை மூன்றாண்டுச் சுழற்சியில் வருகின்றன. முதல் ஆண்டுக்கு மத்தேயு, இரண்டாம் ஆண்டுக்கு மாற்கு, மூன்றாம் ஆண்டுக்கு லூக்கா. யோவான் நற்செய்தி தவக்காலத்திலும் பாஸ்கா காலத்திலும் மிகுதியாக வரும். இரண்டாம் ஆண்டின் பொதுக்காலத்தில் அதன் ஆறாம் அதிகாரம் ஐந்து ஞாயிறுகளுக்கு வரும். எந்த ஆண்டு நடக்கிறது என்று அறிய ஆண்டின் எண்ணை மூன்றால் வகுத்துப் பாருங்கள். மீதி இல்லையென்றால் மூன்றாம் ஆண்டு, ஒன்று மிஞ்சினால் முதல் ஆண்டு, இரண்டு மிஞ்சினால் இரண்டாம் ஆண்டு. 2026-ஐ வகுத்தால் ஒன்று மிஞ்சும், ஆகவே மத்தேயு. ஆனால் வழிபாட்டு ஆண்டு சனவரியில் தொடங்குவதில்லை, கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்றே தொடங்கிவிடுகிறது.

படித்துவிட்டுப் போனால் என்ன ஆகும் தெரியுமா? வாசகர் முதல் இரண்டு சொற்களைச் சொன்னதுமே எந்தப் பகுதி என்று பிடிபட்டுவிடும். மறையுரையில் பாதி புரியாவிட்டாலும் அருட்தந்தை எந்த வசனத்தைச் சுற்றி வருகிறார் என்பது தெரியும். என் மனைவிக்கு இந்நாட்டு மொழி இப்படித்தான் பழகியது. மொழி வகுப்பில் சொல்லித்தராத சொற்களான இரக்கம், ஒப்புரவு, நன்றி எல்லாம் அவருக்கு ஆலயத்தில் கிடைத்தன.

சில வாரங்களில் நீங்கள் படித்ததும் அங்கே வாசிப்பதும் பொருந்தாமல் போகலாம். திருக்காட்சி, ஆண்டவரின் விண்ணேற்றம், கிறிஸ்துவின் திருவுடல் திருஇரத்தப் பெருவிழா ஆகியவற்றைச் சில நாடுகள் அவற்றுக்குரிய நாளிலேயே கொண்டாடுகின்றன, சில நாடுகள் ஞாயிற்றுக்கு மாற்றிவிடுகின்றன. கட்டாயம் திருப்பலிக்குப் போக வேண்டிய கடன் திருநாள்களும் நாட்டுக்கு நாடு வேறுபடும். ஞாயிறுகள் நீங்கலாகப் பத்துப் பெருவிழாக்களைச் சட்டம் குறிப்பிட்டாலும், அவற்றில் சிலவற்றைக் குறைக்க ஆயர் பேரவைகளுக்கு உரிமை உண்டு. பங்கின் அறிவிப்புத் தாளை வாரந்தோறும் எடுத்துப் படியுங்கள். திருப்பாடல் எண்ணும் குழப்பலாம். சில மொழிகளில் பழைய இலத்தீன் எண்ணைப் பின்பற்றுவதால் நமது 23-ஆம் திருப்பாடல் அங்கே 22 என்று இருக்கும்.

நற்கருணை வாங்கும் முறை, முழந்தாளிடும் நேரம், சமாதானம் பகிரும் விதம் ஆகியவற்றை முன்வரிசையில் இருப்பவர்களைப் பார்த்தே இரண்டு வாரங்களில் கற்றுவிடலாம். கையில் வாங்கினால் அங்கேயே, நகர்வதற்கு முன் உட்கொண்டுவிடுங்கள். அது போதும்.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வாரநாள் திருப்பலியைப் பற்றி. ஞாயிற்றுக்கிழமை நூற்றுக்கணக்கானோர் வரும் ஆலயத்தில் செவ்வாய் காலை பதினைந்து பேர் இருப்பார்கள். பெரும்பாலும் முதியவர்கள். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். மூன்றாவது முறை போகும்போது ஒருவர் உங்கள் பெயரைக் கேட்பார். நான்காவது முறை வராவிட்டால் உடல்நலம் சரியில்லையா என்று விசாரிப்பார்கள். எங்களுக்கு வீடு மாற உதவியவரும், மகனின் மறைக்கல்வி ஆசிரியையும், நான் மருத்துவமனையில் கிடந்தபோது நற்கருணை கொண்டுவந்த பெரியவரும் அந்தச் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் அறிமுகமானவர்கள்தான். வேலை நேரம் இடம்கொடுத்தால் வாரத்தில் ஒருநாளாவது போய்ப் பாருங்கள்.

அடுத்ததாக, ஒரு பணியை ஏற்றுக்கொள்ளுங்கள். ஒன்று போதும். மொழி வரவில்லை என்று தயங்குபவர்கள் பாடகர் குழுவில் சேரலாம். பாட்டை எழுத்துக் கூட்டிக் கற்க முடியும். பீடத்தில் பூ வைக்கலாம், வாசலில் பாட்டுப் புத்தகம் கொடுக்கலாம், திருப்பலிக்குப் பிறகு நாற்காலி மடக்கலாம். வாசகராக நிற்க ஓராண்டு கழித்துக் கேளுங்கள். நம் உச்சரிப்பைக் கேட்டு யாரும் முகம் சுளிப்பதில்லை. பிள்ளைகளோடு பழகும் பணி என்றால் காவல்துறைச் சான்றும் சிறுவர் பாதுகாப்புப் பயிற்சியும் கேட்கும் இடங்கள் பல. அதை அவமதிப்பாக எண்ண வேண்டாம். உங்கள் பிள்ளையைக் கவனிக்கப்போகிறவரிடமும் அதையேதான் கேட்டிருப்பார்கள்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. வாரக் காணிக்கைக்கு உறை தருவார்கள், அல்லது வங்கி வழியாக மாதந்தோறும் செலுத்தச் சொல்வார்கள். சில நாடுகளில் வரியோடு சேர்த்தே பிடித்துவிடுவார்கள். தொகை உங்கள் மனச்சான்றுக்கு உட்பட்டது. இறந்தவர்களின் நினைவுத் திருப்பலிக்குப் பல வாரங்கள் முன்பே கருத்தை, அதாவது யாருக்காக ஒப்புக்கொடுக்க வேண்டும் என்பதை, எழுதிக்கொடுங்கள், நாள்கள் சீக்கிரம் நிரம்பிவிடும். காணிக்கை தர வழியில்லையென்றாலும் கேளுங்கள். வறியோரின் கருத்துக்காகக் காணிக்கை இல்லாமலும் நிறைவேற்றும்படி சட்டமே குருக்களுக்குப் பரிந்துரைக்கிறது. வேலை போய்விட்டால், வாடகைக்கு வழியில்லையென்றால், பங்கில் புனித வின்சென்ட் தே பவுல் சபை இருக்கிறதா என்று விசாரியுங்கள். 1833-இல் பாரிசில் ஃபிரெடெரிக் ஓசானாம் என்ற மாணவரும் அவருடைய நண்பர்களும் தொடங்கியது அது. இல்லம் தேடி வந்து உதவுவதுதான் அவர்களின் வழக்கம். யாரிடமும் சொல்ல மாட்டார்கள். கொடுத்துப் பழகிய குடும்பங்கள் வாங்குவதற்குக் கூசுவதை நான் பார்த்திருக்கிறேன். கூச வேண்டாம்.

நோயைப் பற்றியும் ஒன்று. மருத்துவமனையில் சேர்ந்ததும் நீங்களே பங்கு அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். நோயாளியின் விவரத்தை வெளியே தரக்கூடாது என்ற விதி பல நாடுகளில் இருப்பதால் மருத்துவமனை சொல்லாது. யாரும் சொல்லாவிட்டால் அருட்தந்தை வர மாட்டார். "அவஸ்தைபூசுதல்" என்ற பழைய பெயர் நம் பெரியவர்களை இன்னும் பயமுறுத்துகிறது. நோயில்பூசுதல் இறக்கும் தறுவாயில் இருப்பவர்களுக்கு மட்டுமானதன்று. கடுமையான நோய்க்கான அறுவைச் சிகிச்சைக்கு முன்பும், முதுமையில் உடல் தளரும்போதும் பெறலாம்.

---

இதற்கு வந்த கேள்விகளுக்கு இங்கேயே பதில் எழுதுகிறேன்.

இரவுப்பணி பார்க்கும் செவிலியர் தங்கைக்கு: சனிக்கிழமை மாலைத் திருப்பலியும் ஞாயிறு கடமையை நிறைவேற்றும். அதற்கும் முடியாத வாரத்தில் மனத்தை வதைத்துக்கொள்ளாதீர்கள். நோய், கைக்குழந்தையைக் கவனிப்பது போன்ற தகுந்த காரணங்கள் இருந்தால் கடமை இல்லை என்று திருச்சபையின் மறைக்கல்வி நூலே சொல்கிறது. நோயாளியை விட்டு நகர முடியாத உங்கள் நிலையும் அப்படிப்பட்டதே. பங்குத்தந்தையிடம் உங்கள் பணி அட்டவணையைச் சொல்லிவையுங்கள். விலக்கு அளிக்க அவருக்கு அதிகாரம் உண்டு. நற்கருணைக்கு முந்தைய ஒரு மணி நேர நோன்பைத் தண்ணீரும் மருந்தும் முறிக்காது.

ஒப்புரவு அருட்சாதனத்துக்கு மொழி தடையாக இருக்கிறது என்று எழுதிய அண்ணனுக்கு: மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பாவசங்கீர்த்தனம் செய்யச் சட்டம் இடம்கொடுக்கிறது, அவரும் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர். அது கூச்சமாக இருந்தால், சொல்ல வேண்டியதை அந்நாட்டு மொழியில் ஒரு தாளில் எழுதிவைத்து வாசியுங்கள். முதலிலேயே "எனக்கு இந்த மொழி நன்றாக வராது" என்று சொல்லிவிட்டால் அருட்தந்தை நிதானமாகப் பேசுவார். நான் இரண்டு ஆண்டுகள் அப்படித்தான் செய்தேன். முடிந்ததும் தாளைக் கிழித்துவிடுங்கள்.

மாதம் ஒருமுறை தமிழ்த் திருப்பலி நடக்கிறதே, அது போதாதா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கட்டாயம் போங்கள். தாய்மொழியில் செபிக்கும் ஏக்கத்தைத் திருச்சபை எப்போதும் மதித்திருக்கிறது. புலம்பெயர்ந்தோருக்கு அவர்களின் மொழி அறிந்த குருக்களை நியமிப்பது பற்றித் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1952-இலேயே ஆணையாக எழுதினார். எங்கள் வீட்டிலும் செபமாலை தமிழில்தான். ஆனால் மாதத்தின் மற்ற ஞாயிறுகளில் உங்கள் பிள்ளை யாரோடு உட்காரும்? அதன் புதுநன்மை வகுப்புத் தோழர்கள் உங்கள் தெருவுக்குரிய பங்கில்தான் இருப்பார்கள். பத்து வயதில் அங்கே வேர் பிடிக்காத பிள்ளை பதினாறு வயதில் வர மறுப்பதைச் சில வீடுகளில் பார்த்தேன். பெற்றோர் பட்ட வேதனையையும் பார்த்தேன். இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, "யாரையும் தெரியாது, எப்படித் தொடங்குவது?" என்ற தம்பிக்கு: வருகிற ஞாயிறு பத்து நிமிடம் முன்னதாகப் போங்கள். மூன்றாவது வரிசையில் உட்காருங்கள். திருப்பலி முடிந்ததும் அருட்தந்தை வாசலில் நின்று எல்லோருக்கும் கைகொடுப்பார். கூட்டம் குறையும்வரை காத்திருந்து, "சாமி, நான் இந்தப் பங்குக்குப் புதியவன், என் பெயர் இது, பதிவு செய்துகொள்ள எந்த நாளில் வரலாம்?" என்று கேளுங்கள். அவர்கள் மொழியில் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் சனிக்கிழமை இரவே மனப்பாடம் செய்துவிடுங்கள்.