ஓ.எஸ். எப்போ மாத்துனீங்க? கையில நடந்ததைச் சொல்லுங்க

தேனி ஜெராக்ஸ்:
கடையில ரெண்டு கம்ப்யூட்டர், ரெண்டுலயும் ஓ.எஸ். விண்டோஸ் 10. 2025 அக்டோபர் 14-ஓட அதுக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு முடிஞ்சுபோச்சு. ஒண்ணு பத்தாம் தலைமுறை ஐ3 பிராசஸர், "11-க்கு வா வா"ன்னு தினமும் கூப்பிடுது. இன்னொண்ணு ஏழாம் தலைமுறை, தகுதி இல்லைன்னு கைய விரிச்சிருச்சு. பிரிண்டர் பழசு, கைரேகை மெஷின் அதைவிடப் பழசு. போன்லயும் புது ஆண்ட்ராய்டு வந்து நிக்குது, கடைக்கு வர்ற கியூஆர் பணம் பூரா அந்தப் போன்லதான். எப்ப மாத்துறதுன்னு நீங்க எப்படி முடிவு பண்றீங்க? யூடியூப்ல சொல்ற அறிவுரை எல்லாம் பாத்தாச்சு. உங்க அனுபவம்தான் வேணும்.

அச்சுக்கூடம்:
சிவகாசி அண்ணே நமக்கு. கம்ப்யூட்டர்ல பக்கம் அமைக்கிற டிடிபி, அச்சு பிளேட் வேலை. எங்க ஊர்ல ஆடி 18-க்குப் புது வருஷத்துக் காலண்டர் ஆல்பம் வெளியிடுவாங்க. அன்னையிலிருந்து மார்கழி வரைக்கும் எந்தக் கம்ப்யூட்டர்லயும் யாரும் கை வைக்கக் கூடாதுன்னு எங்க முதலாளி உத்தரவு. பொங்கல் முடிஞ்சு ஆளுங்க ஊர்லேர்ந்து திரும்பி வர்ற சமயம், தை கடைசியில, அதுதான் எங்களுக்கு அப்கிரேடு சீசன். கோடை வந்தா நோட்டுப் புத்தக அட்டை வேலை வந்துரும், மறுபடி கதவு சாத்தியாச்சு. புது ஓ.எஸ். எந்த மாசம் வருதுங்கிறதை நாங்க கண்டுக்கிறதே இல்ல.

இதுல டிசைனர் பசங்க மெஷினை மட்டும்தான் மாத்துனோம். அதெல்லாம் 11-க்குப் போயிருச்சு, ஒரு தொந்தரவும் இல்ல. இன்னும் ரெண்டு மெஷின் இருக்கு, அது வேற கதை.

ஒண்ணுல பக்கம் அமைக்கிற பேஜ்மேக்கர் 7 ஓடுது. 2001-ல வந்த சாஃப்ட்வேர். கூடவே யூனிகோடுங்கிற பொது எழுத்து முறை வர்றதுக்கு முந்தின தமிழ் எழுத்துரு தொகுப்பு, அதுக்கு ஒரு டாங்கிள், அதாவது சொருகினாத்தான் அது வேலை செய்யிற சாவி. புதுசா வந்த பசங்களுக்கு இது புரியாது. அந்தக் கால எழுத்துருல இங்கிலீஷ் எழுத்து இருக்க வேண்டிய இடத்துல தமிழ் வடிவத்தை உட்கார வச்சிருப்பாங்க. அந்த எழுத்துரு இல்லாத மெஷின்ல ஃபைலைத் திறந்தா தமிழே இருக்காது, ஏதோ கிறுக்கல் மாதிரி இங்கிலீஷும் குறியீடுமா வந்து நிக்கும். வருஷா வருஷம் போடுற தினசரி காலண்டர் பக்கம், கோயில் பத்திரிகை, கல்யாணப் பத்திரிகை எல்லாம் அதுலதான் கிடக்கு. யூனிகோடுக்கு மாத்துற கன்வெர்ட்டர் நல்லாவே வேலை செய்யுது, ஆனா மாத்தினதும் எழுத்தோட அகலம் மாறிடும், வரி உடையிற இடம் மாறிடும். ராகு காலம் ஒரு வரி கீழ இறங்கி எமகண்டத்துக்கு நேரா போய் நின்னா வீடு தேடி வந்து திட்டுவாங்க. அதனால மாத்துற ஒவ்வொரு ஃபைலையும் முதல்லேர்ந்து புரூஃப் பாக்கணும். அதுக்கு ஆள் இல்ல. பழைய கஸ்டமர் திரும்ப வரும்போது அவங்க ஃபைலை மட்டும் மாத்திக்கிறோம்.

அந்த மெஷின் இன்னும் விண்டோஸ் 7. 2020 ஜனவரியோட அதுக்கு ஆதரவு நின்னுபோச்சு. அதனால லேன் கேபிளை உருவியாச்சு, வைஃபையும் கிடையாது. பென் டிரைவ் மட்டும், அதையும் வேற மெஷின்ல ஸ்கேன் பண்ணித்தான் சொருகணும்.

இன்னொண்ணு சிடிபி, அதாவது அச்சு பிளேட் எடுக்கிற மெஷினோட வந்த கம்ப்யூட்டர். சர்வீஸ் எஞ்சினியர் வந்தா மட்டும்தான் அதைத் தொடுவார். மானிட்டர்லயே "அப்டேட் செய்யாதே"ன்னு பட்டையா ஒட்டிட்டுப் போயிருக்கார்.

கணக்குப்பிள்ளை:
ஜிஎஸ்டி கன்சல்டன்ட் ஆபீஸ், ஈரோடு. அச்சுக்கூடத்துக்கு ஆடி, தைன்னா எங்களுக்கு 11-ம் தேதி, 20-ம் தேதி. 11 ஜிஎஸ்டிஆர்-1, 20 ஜிஎஸ்டிஆர்-3பி, ரெண்டும் மாசாமாசம் தாக்கல் பண்ற ஜிஎஸ்டி படிவம். இதுல ஒரு வேடிக்கை பாருங்க. மைக்ரோசாஃப்ட் மாதாந்திர பேட்ச், அதாவது ஓட்டையை அடைக்கிற திருத்தம், விடுறது ரெண்டாவது செவ்வாய்க்கிழமை. அது எந்த மாசமா இருந்தாலும் 8-லிருந்து 14-க்குள்ளதான் விழும். நம்ம நேரத்துக்கு ராத்திரி பத்தரைக்கு மேல. அதாவது எங்க 11-ம் தேதி நெருக்கடிக்கு நட்ட நடுவுல.

எங்களுக்குப் பயம் ஓ.எஸ். மேல இல்ல, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் மேலதான். அந்த யூஎஸ்பி டோக்கனுக்கு ஒரு டிரைவர், அதை போர்ட்டலோட பேச வைக்க ஒரு புரோகிராம், ரெண்டும் சேர்ந்து வேலை செய்யணும். ஒரு தடவை ஒரு மெஷின் பெரிய அப்டேட் போட்டதுக்கு அப்புறம் டோக்கனைச் சொருகினா பச்சை விளக்கு எரியுது, போர்ட்டல்ல சர்டிஃபிகேட் பட்டியல் காலி. டிரைவரை எடுத்துட்டு மறுபடி போட்டதும் வந்துருச்சு. ஆனா அது 19-ம் தேதி சாயங்காலம் நடந்துச்சு.

அதிலிருந்து முறை இதுதான். மாசாமாசம் வர்ற பேட்சை செட்டிங்ஸ்ல தற்காலிகமா நிறுத்தி வச்சு, 21-ம் தேதி காலையில எடுப்போம். வெர்ஷன் மாத்துறதா இருந்தாலும் 21-தான். ஏன்னா விண்டோஸ்ல மாத்தினதுக்கு அப்புறம் 10 நாளைக்குத்தான் பழசுக்குத் திரும்புற வசதி. 21-ல போட்டா மாசக் கடைசி வரைக்கும் டோக்கன், பிரிண்டர், டேலி எல்லாத்தையும் சோதிச்சுப் பாத்துட்டு, சரியில்லைன்னா திரும்பிரலாம். ஜூலையிலயும் செப்டம்பர்லயும் இதுவும் கிடையாது, வருமான வரி சீசன்.

புதுசா வந்த உடனே எகிறிக் குதிக்க மாட்டோம். 2018 அக்டோபர்ல வந்த விண்டோஸ் 10 வெர்ஷன் சில பேரோட டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரையே அழிச்சிருச்சுன்னு சில நாள்லயே நிறுத்தி வச்சாங்க, நவம்பர் நடுவுலதான் மறுபடி விட்டாங்க. கிளையண்ட் ஃபைல் எல்லாம் அந்த ஃபோல்டர்ல வச்சிருக்கிற ஆளுக்கு அதைப் படிச்சா தூக்கம் வருமா? விண்டோஸ் 11-ல ஹோம், புரோ ரெண்டுக்கும் ஒவ்வொரு வெர்ஷனுக்கும் 24 மாசம் பேட்ச் வருது. ஒண்ணு பின்னாடி நின்னா ஒண்ணும் குடி முழுகிடாது.

ஆஸ்பத்திரி ஐடி:
கணக்குப்பிள்ளை சொல்றதை யாரும் "எதையும் போடாம இருக்கலாம்"னு எடுத்துக்காதீங்க. அவர் பத்து நாள் தள்ளிப் போடுறார், பத்து மாசம் இல்ல. 2017 மே 12-ல ஃபைலைப் பூட்டிப் பணம் கேக்கிற வன்னாக்ரை வைரஸ் அடிச்சப்ப, அது நுழைஞ்ச ஓட்டைக்கான பேட்ச் மார்ச் மாசமே வந்திருச்சு. இங்கிலாந்துல என்எச்எஸ்ங்கிற அரசு ஆஸ்பத்திரிகள் நோயாளியைத் திருப்பி அனுப்ப வேண்டி வந்தது. அடி வாங்குனதுல பெரும்பாலானது ஆதரவு இருந்த விண்டோஸ் 7 மெஷின்தான். ஓ.எஸ். பழசுங்கிறது பிரச்சினை இல்ல, வந்த பேட்சைப் போடலைங்கிறதுதான். அதுவும் பக்கத்து மெஷினுக்கு நெட்வொர்க் வழியாவே பரவுற ஜாதி.

எங்க ஸ்கேன் மெஷின் கம்ப்யூட்டர்லயும் "தொடாதே"தான், கம்பெனி சான்று கொடுத்த வெர்ஷனைத் தாண்ட முடியாது. அதை வரவேற்பு, பில்லிங் இருக்கிற நெட்வொர்க்லேர்ந்து தனியாப் பிரிச்சு வச்சிருக்கோம். அச்சுக்கூடம் கேபிளை உருவினதும் அதே காரியம்தான்.

பென்குயின்:
நமக்கு உபுண்டு, லினக்ஸ்ல ஒரு வகை. நீண்ட கால ஆதரவு உள்ள எல்டிஎஸ் வெர்ஷன் வந்தாலும் முதல் பாயின்ட் ரிலீஸ், அதாவது திருத்தங்கள் சேர்த்த முதல் பதிப்பு, வர்ற வரைக்கும் பழைய எல்டிஎஸ்காரங்களுக்கு அதுவே அப்கிரேடு கேக்காது. 24.04 வந்தது 2024 ஏப்ரல், 24.04.1 வந்தது ஆகஸ்ட் கடைசி. செஞ்சவங்களே பொறுக்கச் சொல்றாங்க, நமக்கென்ன அவசரம்.

ஜெராக்ஸ் அண்ணே, உங்க ஏழாம் தலைமுறை மெஷின்ல லினக்ஸ் மின்ட் போட்டுப் பாருங்க. வீட்டுல பசங்களுக்குப் போட்டுக் கொடுத்தேன், தமிழ்99 தட்டச்சு உட்பட எல்லாம் ஓடுது. கைரேகை மெஷினுக்கு மட்டும் சரிப்படாது.

ஒலிப்பதிவு:
சாலிகிராமத்துல சின்ன ஸ்டுடியோ. மேக். 2019-ல வந்த மேக் ஓ.எஸ். கேட்டலினா பழைய 32-பிட் புரோகிராம்களை மொத்தமா நிறுத்தினப்ப, ஒலி வேலைக்குச் சேர்க்கிற பிளக்-இன்கள்ல பாதி அதுக்கு முந்தின மொஜாவேயிலதான் வேலை செஞ்சது. ஒரு படம் முடிஞ்சு அடுத்தது தொடங்குற இடைவெளியில மட்டும்தான் ஓ.எஸ்.; அதுக்கு முன்னாடி மொத்த டிரைவையும் அப்படியே நகல் (குளோன்) எடுத்துருவோம். எங்க பிளக்-இன் கம்பெனிகள் எல்லாம் "ஓகே"ன்னு சொல்ற வரைக்கும் காத்திருப்போம். கடைசியா சொல்ற கம்பெனிதான் எங்க தேதி. இன்டெல் மேக் வச்சிருக்கவங்களுக்கு: மேக் ஓ.எஸ். 26, அதாவது தாஹோதான் கடைசி.

வடவள்ளி வாசி:
போனைப் பத்தி யாரும் பேசலையே.

முதல்ல ஒண்ணு. கியூஆர்ல வர்ற பணம் உங்க போனுக்கு வரல அண்ணே, பேங்க் கணக்குக்கு வருது. போன் அணைஞ்சு கிடந்தாலும் வரும், ஸ்பீக்கர் பாக்ஸும் தனியாக் கத்தும். உங்களுக்குத் தெரியாமப் போறது வந்திருக்கா இல்லையாங்கிறதுதான். கடை மூடினதுக்கு அப்புறம் போடுங்க, போதும். ஆனா விண்டோஸ் மாதிரி பத்து நாள் சலுகை ஆண்ட்ராய்டுல கிடையாது. பழசுக்குத் திரும்பணும்னா போனை மொத்தமாத் துடைக்கணும், பல மாடல்ல அதுவும் முடியாது.

நான் செக்யூரிட்டி அப்டேட்டை வந்த வாரமே போட்டுருவேன். வெர்ஷன் அப்கிரேடுன்னா அதே மாடல் வச்சிருக்கவங்க புலம்பலைக் கொஞ்ச நாள் படிப்பேன். எங்க சித்தப்பா போன்ல அப்கிரேடு முடிஞ்ச வாரத்துல திரையில ஒரு பச்சைக் கோடு. எந்தக் கம்பெனின்னு சொல்லல. அப்டேட்டாலதான்னு நிரூபிக்கவும் முடியாது. வாரண்டி முடிஞ்ச போனா இருந்தா நான் இப்ப ரொம்பவே யோசிக்கிறேன்.

அம்மா போன் தனிக் கணக்கு. அவங்களுக்குப் பாதுகாப்பைவிடப் பச்சை பட்டன் எங்க இருக்குங்கிறதுதான் முக்கியம். 2025 ஆகஸ்ட்ல கூகுள் போன் ஆப்போட தோற்றம் மாறினப்ப, ஓ.எஸ். மாறிருச்சுன்னே பாதிப் பேர் நினைச்சாங்க. மாறினது ஆப் மட்டும்தான். பிளே ஸ்டோர்ல அந்த ஆப்போட அப்டேட்டை நீக்கினா பழைய முகம் வந்துரும். அம்மாவுக்கு அப்படித்தான் பண்ணிக் கொடுத்தேன். அவங்க போன்ல ஓ.எஸ். மாத்துறதுன்னா நான் ஊருக்குப் போய் ரெண்டு மூணு நாள் தங்குறப்பதான். போட்டுட்டு பஸ் ஏறிட்டோம்னா, அப்புறம் நமக்குப் போன் பண்ணிக் கேக்கக்கூட அவங்களுக்கு வழி தெரியாது.

தேனி ஜெராக்ஸ்:
கியூஆர் விஷயம் உறைச்சுது, நன்றி தம்பி. அப்ப ஏழாம் தலைமுறை மெஷினை என்ன பண்றது? தூக்கிப் போட மனசு வரல.

கணக்குப்பிள்ளை:
வீட்டு மெஷினுக்கு நான் நீட்டிப்பு வாங்கிட்டேன். விண்டோஸ் 10-க்கு 2026 அக்டோபர் 13 வரைக்கும் செக்யூரிட்டி பேட்ச் மட்டும் தர்றாங்க. மைக்ரோசாஃப்ட் கணக்குல நுழைஞ்சு செட்டிங்ஸை அதோட ஒத்திசைச்சா காசு கிடையாது, இல்லைன்னா 30 டாலர். அதை வாங்கி வச்சுக்கிட்டு, முதல்ல பத்தாம் தலைமுறையை மாத்துங்க. பிரிண்டரும் கைரேகை மெஷினும் அதுல வேலை செய்யுதான்னு பாத்துட்டு அப்புறம் இதுக்கு வாங்க. ஒண்ணு கவனிங்க, இப்ப இருக்கிறது 32-பிட் விண்டோஸ் 10-ஆ இருந்தா நேரா மேல ஏற முடியாது, 11-ல 32-பிட்டே இல்ல. முழுசா அழிச்சுத்தான் போடணும்.

ஆஸ்பத்திரி ஐடி:
அச்சுக்கூடம், ஒரு கேள்வி. அந்த விண்டோஸ் 7 மெஷின்ல போர்டு போச்சுன்னா?

அச்சுக்கூடம்:
அதே மாடல் போர்டு ஒண்ணு பழைய சாமான் கடையில கிடைச்சது, வாங்கி பீரோவுல வச்சிருக்கேன். ஹார்ட் டிஸ்க்கோட முழு நகலும் ரெண்டு இடத்துல இருக்கு. டாங்கிள்தான் ஒண்ணே ஒண்ணு.

ஆஸ்பத்திரி ஐடி:
அப்ப உங்க தேதியை ஆடியும் முடிவு பண்ணல, தையும் முடிவு பண்ணல. டாங்கிள்தான் முடிவு பண்ணப் போகுது. அந்த ஃபைல்களை இப்பவே பிடிஎஃப் ஆவது எடுத்து வைங்க.

அச்சுக்கூடம்:
கோயில் பத்திரிகை ஃபைல்லேர்ந்து ஆரம்பிச்சாச்சு சார்.