மினரலைசேஷன்: கனிமமாக்கலா, முழுச்சிதைவா?

தொடக்க மடல் | மொழிபெயர்ப்பாளர்

வணக்கம். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு பற்றிய ஆய்வக வழிகாட்டி ஒன்று வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல்லில் சிக்கி நிற்கிறேன். சோதனை இது: லிட்டருக்கு 10 மில்லிகிராம் வீதம் கரைத்த மெத்திலீன் நீலச் சாயம் 100 மில்லிலிட்டர், அதில் ஒளி பட்டால் வேலை செய்யும் வினையூக்கியாக டைட்டானியம் டை ஆக்சைடு 0.1 கிராம். இருட்டில் 30 நிமிடம் கலக்கிவிட்டு, 365 நானோமீட்டர் புறஊதா விளக்கைப் போட்டு, 15 நிமிடத்துக்கு ஒருமுறை கொஞ்சம் எடுத்து வடிகட்டி, 664 நானோமீட்டரில் ஒளி உட்கவர்வை அளக்க வேண்டும். மூலத்தில் டீகலரைசேஷன், டீகிரடேஷன், மினரலைசேஷன் என்று மூன்று சொற்கள். முதலிரண்டும் நிறநீக்கம், சிதைவு. மூன்றாவதற்கு வழக்கிலுள்ள 'கனிமமாக்கல்' சுரங்கத்தை நினைவூட்டுகிறது. 'முழுச்சிதைவு' என்று வைக்கலாமா?

மறுமொழி | வேதியியல் ஆசிரியர்

வேண்டாம். சிதைவு எவ்வளவு முழுமையானாலும், எதுவாகச் சிதைந்தது என்பதை அந்தச் சொல் காட்டாது. இந்தச் சோதனையில் ஏமாறும் இடமே அதுதான். சாயத்திலிருந்து மெத்தில் தொகுதிகள் ஒவ்வொன்றாகக் கழலும்போது உட்கவர்வு முகடு 664-க்குக் கீழே நகரும். 664-இல் மட்டும் அளப்பவருக்குச் சாயம் தீர்ந்ததுபோலத் தெரியும். அது மெத்தில் குறைந்த அசூர் சாயங்களாக நீரிலேயே இருக்கும். கரைசலில் ஆக்சிஜன் குறைந்தால் இன்னும் மோசம். சாயம் ஒடுக்கமடைந்து நிறமற்ற லூக்கோ வடிவமாகிவிடும், காற்றுப் பட்டதும் நீலம் திரும்பும். ஆகவே காற்றை ஊதிக்கொண்டே செய்யச் சொல்லுங்கள். 400 முதல் 750 வரை முழு நிறமாலையும் எடுக்கட்டும்.

மினரலைசேஷன் என்றால் கார்பன் அத்தனையும் கார்பன் டை ஆக்சைடாகி, கந்தகம் சல்பேட்டாகவும் நைட்ரஜன் நைட்ரேட்டாகவோ அம்மோனியமாகவோ மாறிவிட வேண்டும். அதை அறிய மொத்தக் கரிமக் கார்பனை அளக்க வேண்டும். 10 மில்லிகிராம் நீரற்ற சாயத்தில் கார்பன் 6.0 மில்லிகிராம். புட்டியில் இருப்பது மூன்று நீர் மூலக்கூறு சேர்ந்த படிகமானால் 5.1 தான். இதைப் பார்க்காமல் கணக்குப் போட்டால், விளக்கு எரியும் முன்பே கிட்டத்தட்ட 15 சதவீதம் கார்பன் போய்விட்டதாக விடை வரும்.

மறுமொழி | இலக்கண ஆசிரியர்

கனிமம் என்ற சொல்லே எனக்கு உவப்பில்லை. வடமொழியில் கனி என்றால் சுரங்கம், அதிலிருந்து வந்தது கனிஜம். நமக்குச் சுரங்கமே வேண்டாத இடத்தில் அதை ஏன் இழுக்க வேண்டும்? இறுதல் என்று நல்ல வினை இருக்கிறது: முறிதல், முடிதல் இரண்டும் அதன் பொருள். 'பீலிபெய் சாகாடும் அச்சிறும்' என்ற குறளில், மயிலிறகே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு இறும், அதாவது முறியும். முற்று + இறல் = முற்றிறல். பிணைப்பு முறிகிறது, மாசு முடிகிறது, ஒரே சொல்லில் இரண்டும் அடங்கும்.

மறுமொழி | வேதியியல் ஆசிரியர்

சொல் அழகாகத்தான் இருக்கிறது, ஐயா. ஆனால் காதில் விழும்போது றகரமும் ரகரமும் கலந்து 'முற்றிரல்' ஆகிவிடும். பொருளும் போதவில்லை: காற்றில்லாமல் சூடாக்கினாலும் பிணைப்பு முறியும், கரி மிஞ்சும். இங்கே ஆக்சிஜனேற்றம் கடைசிப்படி வரை போக வேண்டும். கனிம வேதியியல் என்று பாடத்துக்கே பெயர் நிலைத்துவிட்ட பிறகு, வடவெழுத்தை விட்டுவிட்டு வந்த அந்தச் சொல்லைத் திருப்பி அனுப்ப முடியுமா?

நீங்கள் காட்டிய குறள் வினையூக்கியின் அளவுக்குத்தான் மிகப் பொருத்தம். லிட்டருக்கு 1 கிராம் என்பதை 3, 4 என்று ஏற்றிக்கொண்டே போனால் துகள்களே ஒளியைச் சிதறடித்து மறைக்கும். வேகம் கூடாது, சில சமயம் குறையும்.

மறுமொழி | இலங்கை வாசகர்

இலங்கைப் பாடநூல்களில் சேதனம், அசேதனம் என்று எழுதுகிறோம். எனவே 'அசேதனமாதல்' என்று சொன்னால் குழப்பமே வராது. ஒட்சைட்டு ஆக்சைடு ஆவதும், ஊக்கி வினையூக்கி ஆவதும் பெரிய சிக்கலில்லை, வாசகர் ஊகித்துக்கொள்வார். கரிமமும் கனிமமும் அப்படியல்ல, ஓரெழுத்துதான் வேறுபாடு. கார்பன் அளவீட்டிலோ மொத்தக் கார்பனிலிருந்து கனிமக் கார்பனைக் கழித்துத்தான் கரிமக் கார்பனைப் பெறுகிறோம். அந்த வரியில் ஓர் அச்சுப்பிழை விழுந்தால் முறையே தலைகீழாகும்.

மறுமொழி | மண்ணியலாளர்

மட்கிலுள்ள நைட்ரஜனை நுண்ணுயிர்கள் அம்மோனியமாக மாற்றுவதற்கும் ஆங்கிலத்தில் இதே சொல். எலும்பில் கால்சியம் பாஸ்பேட் படிவதற்கும் இதே சொல். முன்னதில் பொருள் மாறுகிறது, பின்னதில் பொருள் வந்து ஏறுகிறது. தமிழில் இரண்டையும் பிரித்துவிடலாம்: மண்ணுக்கும் கழிவுநீருக்கும் கனிமமாதல், எலும்புக்குக் கனிமமேற்றம். ஆக்கல் எனக்கு ஒப்பில்லை, மாறுவது மாசுதானே.

மறுமொழி | வேதியியல் ஆசிரியர்

சாயம் கனிமமாகிறது, வினையூக்கி கனிமமாக்குகிறது. தன்வினை, பிறவினை இரண்டுமே தேவை. அளவைச் சொல்லும்போது 'கனிமமாதல் 40 சதவீதம்', செயல்முறையைச் சொல்லும்போது 'ஒளிவினையூக்கக் கனிமமாக்கல்'.

இன்னொன்று. வழிகாட்டியில் துத்தநாக ஆக்சைடை மாற்றாகக் கொடுத்திருந்தால் ஓர் எச்சரிக்கை சேருங்கள். கனிமமாதல் நடக்க நடக்க நைட்ரிக், சல்பூரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலங்கள் உருவாகி பிஎச் இறங்கும். துத்தநாக ஆக்சைடு அமிலத்தில் கரையும். மாசை எடுக்கப் போய் நீரில் துத்தநாக அயனியைச் சேர்த்ததாகிவிடும். டைட்டானியம் டை ஆக்சைடுக்கு அந்தத் தொல்லை இல்லை.

மறுமொழி | மொழிபெயர்ப்பாளர்

நன்றி. என்னையும் சேர்த்து மூன்று பேர் கனிமமாதல் பக்கம், ஒருவர் முற்றிறல், ஒருவர் அசேதனமாதல். கனிமமாதல், கனிமமாக்கல் இரண்டையும் இடமறிந்து போடுகிறேன். முதலில் வருமிடத்தில் 'கரிம மாசு முழுதும் கார்பன் டை ஆக்சைடு, நீர், கனிம அயனிகளாக மாறுதல்' என்று ஒரு வரி விளக்கம் இருக்கும்.

மறுமொழி | இலங்கை வாசகர்

ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் உடன்படவில்லை. அட்டவணைத் தலைப்புகளிலாவது 'கரிம', 'கனிம' அடுத்தடுத்த நிரல்களில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி | இலக்கண ஆசிரியர்

முற்றிறலைச் சொல்லடைவில் ஒரு மாற்றுச் சொல்லாகவேனும் சேர்க்கக் கேட்கிறேன்.