பொலினீசியப் பச்சைக்குச் சொல்: ‘மரபுப் பச்சை’ என்று முன்மொழிகிறேன்

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம். சமோவா, தாஹித்தி, மார்க்கேசத் தீவுகள், நியூசிலாந்து முதலிய பசிபிக் பகுதிகளைச் சேர்த்துப் பொலினீசியா என்கிறோம். அங்கே மரபாக உடலில் குத்தும் பச்சைக்கு (டாட்டூ) நம் கலைச்சொல் பட்டியலில் என்ன சொல் வைப்பது என்ற பேச்சில் ‘உடலோவியம்’, ‘தொய்யில்’, ‘குலக்குறி’, ‘மெய்ப்பொறி’, ‘தத்தாவ்’ ஆகியவை அடிபடுகின்றன. ஒருவர் எழுதியது:

> ‘உடலோவியம்’ என்றே வைத்துவிடலாமே, எளிமையாக இருக்கிறது.

எளிமைதான். ஆனால் ஓவியம் என்றால் வேண்டாதபோது அழிக்கலாம், மாற்றி வரையலாம். மருதாணிக்கும் முகப்பூச்சுக்கும் அந்தச் சொல் சரி. ‘தொய்யில்’ வேண்டாம் என்பதற்கும் இதே காரணம்தான். சங்கப் பாடல்களில் வரும் தொய்யில் குழம்பால் எழுதுவது, நாளடைவில் அழிந்துவிடும். பழைய சொல் ஒன்று மீண்டும் புழக்கத்துக்கு வருகிறது என்பதற்காகப் பொருளைக் கைவிட முடியாது.

சமோவாவில் நடப்பதைப் பாருங்கள். ஆண்களுக்கு இடுப்பிலிருந்து முழங்கால் வரை இடும் பச்சை ‘பெஆ’. அதை இடும் ஆசானுக்குத் துஃபுங்கா என்று பெயர். பன்றித் தந்தத்தில் சீப்புப் பல் போல வெட்டிய கருவியை மையில் தோய்த்துத் தோலில் வைப்பார், சிறு கோலால் தட்டிக்கொண்டே போவார். உதவியாளர்கள் தோலை இழுத்துப் பிடிப்பார்கள். உறவினர்கள் பக்கத்தில் உட்கார்ந்து தைரியம் சொல்வார்கள். ஒரே அமர்வில் முடிகிற வேலை இல்லை, பல நாள் பிடிக்கும். வலி பொறுக்காமல் பாதியில் எழுந்துவிட்டால் அந்த அரைகுறைப் பச்சை குடும்பத்துக்கே தலைகுனிவு. முடித்தவனுக்குக் கிடைக்கும் மரியாதையோடு கடமையும் சேர்ந்தே வருகிறது. குடும்பத் தலைவருக்கும் ஊருக்கும் உழைக்க அவன் ஒப்புக்கொண்டுவிட்டான் என்று பொருள். அதிகாரத்துக்குப் போகும் வழி சேவைதான் என்று சமோவாவில் ஒரு பழமொழியே இருக்கிறது.

பெண்களுக்கு இடுவது ‘மாலு’. தொடையிலிருந்து முழங்காலுக்குச் சற்றுக் கீழ் வரை, இடைவெளி விட்ட மெல்லிய கோலங்களாக இருக்கும். பெயரிலேயே காப்பு, அடைக்கலம் என்ற பொருள் உண்டு. சடங்குகளிலும் நடனத்திலும் தவிர அதை வெளியே காட்டுவதில்லை. 2013இல் நைக்கி நிறுவனம் பெஆ வடிவங்களை அச்சிட்டுப் பெண்களுக்கான காலுடை ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பசிபிக் மக்கள் கொதித்தார்கள், நிறுவனம் அதைத் திரும்பப் பெற்றது. ஆண்களின் பெஆ, பெண்களின் மாலு இரண்டையும் ஒரே ‘டிசைன்’ என்று எண்ணியதால் வந்த வினை.

நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளின் பச்சை ‘மோக்கோ’ வேறு வகை. அங்கே பழைய முறையில் எலும்பு உளியால் தோலில் பள்ளம் விழும்படி செதுக்கினார்கள். முகத்துக் கோடுகள் இன்னார் வழிவந்தவர் என்று சொல்லும். பிரிட்டிஷ் அரசோடு மாவோரித் தலைவர்கள் செய்துகொண்ட 1840 வைத்தாங்கி ஒப்பந்தத்தில் சில தலைவர்கள் கையெழுத்துக்குப் பதில் தங்கள் மோக்கோவின் ஒரு பகுதியையே வரைந்தார்கள். முகமே ஒருவரின் முத்திரை! 2016இல் மாவோரி அரசியல்வாதி நனாயா மஹூதா பெண்களுக்குரிய தாடை மோக்கோவை இட்டுக்கொண்டார், 2020இல் அதே முகத்தோடு நாட்டின் வெளியுறவு அமைச்சரானார். இந்தச் செய்தியைத் தமிழில் எழுதும்போது ‘முகத்தில் டாட்டூ போட்ட அமைச்சர்’ என்று எழுதினால் எனக்கு மனம் ஒப்பாது.

அப்புறம் ‘குலக்குறி’. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மானிடவியலில் அது ஏற்கெனவே வேறு கருத்துக்கு நிலைத்துவிட்டது, ஒரு குலம் தன் மூதாதையாகக் கருதும் விலங்கையோ மரத்தையோ குறிக்கிறது. ‘மெய்ப்பொறி’ என்றால் படிப்பவர் ஐம்பொறிகளுக்குப் போய்விடுவார். சமோவாச் சொல்லான ‘தத்தாவ்’ என்பதையே எல்லோருக்கும் பொதுவாக வைத்தால் மாவோரிகளும் மார்க்கேசத் தீவினரும் அதில் அடங்க மாட்டார்கள்.

ஆகவே பொதுச்சொல்லாக ‘மரபுப் பச்சை’. நம் பாட்டிகள் கையில் குத்திக்கொண்டதும் இதில் அடங்கும், அதில் தவறில்லை. தேவைப்படும் இடத்தில் ‘பொலினீசிய மரபுப் பச்சை’ என்று எழுதலாம். செய்முறைக்குச் சமோவாவில் ‘தட்டிக் குத்துதல்’, மாவோரிகளிடம் ‘செதுக்கிப் பதித்தல்’. பெஆ, மாலு, மோக்கோ மூன்றையும் மொழிபெயர்க்கக் கூடாது. பரதநாட்டியம் போல அவை பெயர்கள்.

‘மரபு’ என்றால் செத்துப்போனது போல ஒலிக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். தாஹித்தியில் 1819 சட்டம் பச்சையைத் தடை செய்தது உண்மை. ஆனால் சமோவாவில் 1830இல் கிறித்தவ ஊழியர்கள் வந்த பிறகும் அது அறுபடவே இல்லை, ஆசான் குடும்பங்கள் இன்றும் தொழிலில் இருக்கின்றன. தொடர்ந்து வருவதைத்தானே மரபு என்கிறோம்?

இன்னொன்றும் வேண்டும். வம்சத் தொடர்பு இல்லாத வெளியாருக்கு மாவோரி பாணியில் இடும் பச்சையை அவர்களே ‘கிரிதுஹி’ என்று பிரித்துச் சொல்கிறார்கள். அதற்குத் ‘தோல்வரைவு’ என்று வைக்கலாமா? கிரி என்றால் தோல், துஹி என்றால் எழுதுவது, வரைவது. அங்கே அவர்கள் கவனமாகப் பிரித்து வைத்திருப்பதை நாம் கலைச்சொல் பட்டியலில் ஒன்றாகக் கலந்துவிடக் கூடாது.

‘பெஆ’ என்ற எழுத்துப்பெயர்ப்பும் முடிவாகவில்லை. நடுவில் ஒரு சிறு தொண்டை அடைப்பு இருக்கிறது, அதைக் காட்ட ஒற்றை மேற்கோள் குறி போடலாமா என்று ஒலிப்பு தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.