தாயின் அடியில் நசுங்கிய குட்டிகள்: என் முதல் ஈற்று அனுபவம்

ஐந்து தாய்ப்பன்றிகளை வளர்த்துவரும் நான், என் பண்ணையின் முதல் ஈற்றிலேயே 11 குட்டிகளில் நான்கை இரண்டே இரவுகளில் இழந்தேன். இணை சேர்த்த நாளைக் குறித்துவைத்து 114 நாள் சினைக்காலக் கணக்குப் பார்த்திருந்தேன். ஈற்றுக்கு முந்தைய நாள் மாலை காம்பை அழுத்தியதும் பால் வந்தது, தாய்ப்பன்றியும் வைக்கோலை வாயில் கவ்வி மூலையில் சேர்க்கத் தொடங்கியது. எல்லாம் ஆயத்தமாக இருப்பதாகவே நம்பினேன்.

இறந்த நான்கும் தாயின் உடலுக்கடியில் நசுங்கியவை. தாய்மை உணர்வு இல்லாத பன்றி என்று முடிவுகட்டி, அதை விற்றுவிடவும் நினைத்தேன். மூன்றாம் இரவு கொட்டிலிலேயே விழித்திருந்தபோதுதான் தவறு என்னுடையது என்பது புரிந்தது. பிறந்த குட்டிக்கு 32 முதல் 34 பாகை வெப்பம் தேவை. தாய்க்கோ 20 பாகையை ஒட்டிய குளிர்ச்சிதான் இதமாக இருக்கும். உடலில் மிகக் குறைந்த கொழுப்போடு பிறக்கும் குட்டிகள், சிமெண்டுத் தரையின் குளிர் தாங்காமல் தாயின் வயிற்றோடு ஒட்டிக்கிடந்தன. தீவனம் தின்றுவிட்டு வந்த தாய் சுவரில் சாய்ந்து சரிந்து படுத்தபோது, அவற்றுக்கு விலக இடமே இருக்கவில்லை.

அடுத்த ஈற்றுக்கு முன்பு, சுவரிலிருந்தும் தரையிலிருந்தும் ஏறத்தாழ 25 செ.மீ. தள்ளி இரும்புக் குழாயைச் சுற்றிலும் பொருத்தினேன். ஒரு மூலையில் குட்டிகள் மட்டும் நுழையக்கூடிய தடுப்பு அமைத்து, காய்ந்த வைக்கோல் பரப்பி, தாய்க்கு எட்டாத உயரத்தில் வெப்ப விளக்கைத் தொங்கவிட்டேன். முதல் இரண்டு நாள்கள், தாய் தீவனம் தின்னும் நேரத்தில் குட்டிகளை அந்த மூலையில் அடைத்துவைத்தேன். அந்த முறை நசுங்கி இறந்தது ஒரே ஒரு குட்டிதான்.

மெலிந்த குட்டிகளுக்குச் சீம்பால் கிடைக்க, பெரிய குட்டிகளை ஒரு மணி நேரம் தடுப்புக்குள் விட்டு, சிறியவற்றைக் காம்பில் பிடித்துவைத்தேன். சீம்பாலில் உள்ள நோய் எதிர்ப்புப் பொருளைக் குட்டியின் குடல் முதல் நாளில் மட்டுமே அப்படியே உறிஞ்சும் என்பதால், பிறந்து ஆறு மணி நேரத்துக்குள் இதைச் செய்துவிடுகிறேன். மூன்றாம் நாள் இரும்புச்சத்து ஊசியையும் தவறவிடுவதில்லை; தாய்ப்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு.

விற்க நினைத்த அந்தப் பன்றி இப்போது ஐந்தாம் ஈற்றுக்குச் சினையாக இருக்கிறது. அடுத்த வாரம் அதற்கு நாள். விளக்கை நேற்றே எரியவிட்டுச் சரிபார்த்துவிட்டேன்.